வதந்தி, வங்கிப் பீதி, செல்லாத நாணயம்: தொற்றுநோய்க் கணக்கைச் சமூகத்துக்குப் போட்டுப் பார்க்க ஒரு வழிகாட்டி

மலேரியா கொசுவால் பரவுகிறது என்று செகந்திராபாத்தில் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ், 1916ல் ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். மனிதருக்கு நேரும் நிகழ்வுகளை அதில் இரண்டாகப் பிரித்தார். விபத்து மாதிரி, ஒருவருக்கு நேர்வது இன்னொருவரைச் சாராதவை ஒரு வகை. ஏற்கெனவே எத்தனை பேருக்கு நேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறுபவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் தொற்றுநோயை மட்டும் அவர் வைக்கவில்லை. அரசியல் கட்சி, தொழிற்சங்கம், மதப்பிரிவு ஆகியவற்றில் ஆள் சேர்வதையும் அதே வரிசையில் வைத்தார். ஆக, நோய்க் கணக்கைச் சமூகத்துக்குப் போடுவது கொரோனா காலத்தில் யாருக்கோ தோன்றிய யோசனை இல்லை.

1927ல் எடின்பரோவில் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் இன்றும் நாம் பயன்படுத்தும் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தில் வேலை பார்த்தவர். சமன்பாடு சரிதானா என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தது 1905-06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடுதான்.

இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: வங்கியில் போட்ட பணத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடும் பீதி. பிளஸ் டூ கணக்கும், எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரு காலித் தாளும் போதும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமன்பாடு எழுதுவது அரைமணி வேலை. எது பரவுகிறது, எந்த வழியாகப் பரவுகிறது, ஒருவர் பரப்புவதை ஏன் நிறுத்துகிறார் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் நாள் கணக்கில் இழுக்கும். அந்தப் பதில்கள் இல்லாமல் வரைந்த வளைவு எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அதை நம்ப வேண்டியதில்லை.

படி 1: பரவுவது என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

2001 மார்ச்சில் குஜராத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி சரிந்தது. பங்குச் சந்தைத் தரகர் கேத்தன் பாரேக் விவகாரத்தில் சிக்கிய வங்கி அது. உடனே மாநிலத்தின் மற்ற கூட்டுறவு வங்கிகளிலும் பணம் எடுக்கக் கூட்டம் கூடியது.

இங்கே பரவியது என்ன? ‘பீதி’ என்று சொன்னால் எண்ண முடியாது. செய்தி பரவியதா, வங்கி திவாலாகும் என்ற நம்பிக்கை பரவியதா, பணம் எடுக்கும் செயல் பரவியதா? மூன்றும் ஒன்றல்ல. செய்தி நூறு பேருக்குப் போகும், அதில் முப்பது பேர் நம்பலாம், பத்துப் பேர் மட்டுமே வங்கிக்கு ஓடலாம். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கலக்கினால் பின்னால் வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

பதிவேட்டில் தடம் விடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது. வங்கி விஷயத்தில் அது பணம் எடுத்தது. ‘கணக்கில் இருந்த தொகையில் முக்கால் பங்குக்கு மேல், சம்பவம் நடந்த இரண்டு வாரத்துக்குள் எடுத்தவர்’ என்று வரையறை எழுதலாம். எல்லை எங்கே வைத்தாலும் கொஞ்சம் தன்னிச்சைதான். பாதிக்கு மேல் என்று மாற்றிப்போட்டும் ஒருமுறை பாருங்கள். அந்தச் சின்ன மாற்றத்துக்கே முடிவு தலைகீழாகிவிட்டால், உங்களிடம் இருக்கும் தரவு இந்த வேலைக்குப் போதாது.

படி 2: தொற்றா, மழையா?

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். மழை பெய்தால் தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் குடை விரிப்பார்கள். ஒருவர் விரித்ததைப் பார்த்து இன்னொருவர் விரிப்பதில்லை. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்ன உதாரணம் இது. எண்ணிக்கையை மட்டும் வரைந்து பார்த்தால் குடையும் மெதுவாக ஏறி, வேகமெடுத்து, அடங்கும். தொற்று வளைவு மாதிரியேதான் தெரியும்.

பெரிய ஆய்வுகளே இதில் இடறியிருக்கின்றன. 1950களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், டெட்ராசைக்ளின் மருந்தை மருத்துவர்கள் எழுதத் தொடங்கியது எப்படி என்று கோல்மன், காட்ஸ், மென்செல் ஆகியோர் ஆராய்ந்தார்கள். ஒரு மருத்துவரைப் பார்த்து இன்னொருவர் எழுதினார் என்ற முடிவு பல ஆண்டுகள் பாடமாகவே நின்றது. 2001ல் வான் டென் புல்ட், லிலியன் இருவரும் அதே தரவில் மருந்து நிறுவனங்கள் அந்தக் காலத்தில் செய்த விளம்பரத்தின் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். தொற்று காணாமல் போனது. விளம்பரம்தான் மழை.

2007ல் கிறிஸ்டாகிஸ், ஃபவ்லர் இருவரும் ஃப்ராமிங்ஹாம் இதயநோய் ஆய்வின் தரவை வைத்து, உடல் பருமன் நண்பர்கள் வழியாகப் பரவுகிறது என்று எழுதியது உலகமெங்கும் செய்தியானது. அடுத்த ஆண்டே கோயன்-கோல், ஃபிளெச்சர் இருவரும் அதே மாதிரி முறையை முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியவற்றுக்குப் போட்டுக் காட்டினார்கள். அவையும் ‘பரவின’. நண்பனைப் பார்த்து யாரும் உயரமாவதில்லை. ஒத்தவர்கள் ஒன்றுசேர்வதும், ஒரே சூழலில் வாழ்வதும் தொற்று வேஷம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? மூன்று சோதனைகளைப் போடுவேன்.

முதலாவது, பரவ வாய்ப்பே இல்லாத ஒன்றை அதே முறையில் போடுங்கள். பணம் எடுத்ததற்குப் பதிலாகக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். அதுவும் ‘பரவுகிறது’ என்று வந்தால் முறையில் ஓட்டை.

இரண்டாவது, எல்லாரையும் ஒரே நேரத்தில் தொட்ட வெளிக் காரணங்களைத் தேதியோடு எழுதுங்கள்: சம்பள நாள், பண்டிகை, நாளிதழ்ச் செய்தி, ரிசர்வ் வங்கி அறிவிப்பு. உங்கள் வளைவின் ஏற்றம் அந்தத் தேதிகளிலேயே உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவதுதான் வலுவானது. யார் யாரிடமிருந்து கேட்டிருக்கக்கூடும் என்ற வழியை, சம்பவத்துக்கு முன்பே இருந்த ஏதாவது பதிவிலிருந்து எடுங்கள். குஜராத் பீதியை ஆராய்ந்த ராஜ்கமல் ஐயர், மஞ்சு பூரி இருவரும் செய்தது இதைத்தான். நம் நாட்டில் வங்கிக் கணக்கு தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவரின் அறிமுகக் கையெழுத்து கேட்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படிவங்கள்தான் அவர்களுக்கு உறவு வரைபடம். தன் அறிமுக வட்டத்தில் உள்ளவர்கள் ஓடியிருந்தால் ஒருவர் ஓடும் வாய்ப்பு கூடியது என்று 2012ல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். வங்கியோடு நீண்ட நாள் பழக்கம் உள்ளவர்களும் அங்கே கடன் வாங்கியிருந்தவர்களும் குறைவாகவே ஓடினார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

இதே தந்திரத்துக்கு இன்னும் பழைய உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. 1854, 1857 பீதிகளின்போது எமிக்ரன்ட் சேமிப்பு வங்கியில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் அயர்லாந்தின் எந்தக் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்தவர்கள் என்று வங்கிப் பேரேட்டில் குறித்திருந்தது. மார்கன் கெல்லி, கோர்மக் ஓ கிராடா இருவரும் அதை எடுத்துப் பார்த்தார்கள். யார் ஓடினார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றில் முதன்மையானது, அயர்லாந்தில் எந்த ஊர்ப்பக்கம் என்பதையும் நியூயார்க்கில் எந்தப் பகுதியில் குடியிருந்தார்கள் என்பதையும் ஒட்டிய பழக்கவட்டம்தான். பேரேடு எழுதிய குமாஸ்தா நூற்றைம்பது ஆண்டு கழித்து இப்படி உதவுவோம் என்று நினைத்திருக்க மாட்டார்.

படி 3: பெட்டிகளை வரையுங்கள்

அடிப்படை மாடலில் மூன்று பெட்டிகள். இன்னும் மாட்டாதவர், பரப்புபவர், ஓய்ந்தவர். நோயில் ஓய்ந்தவர் என்றால் குணமானவர் அல்லது இறந்தவர். வங்கியில், பணத்தை எடுத்து, நாலு பேரிடம் சொல்லி முடித்து, இனி அதைப் பற்றிப் பேசாதவர்.

இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது பெட்டிக்கு எப்படிப் போகிறார்கள் என்பதில்தான் ஒவ்வொரு சமூக நிகழ்வும் வேறுபடுகிறது.

வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தானாக இறங்கும். வதந்தி சொல்பவர் எப்போது நிறுத்துகிறார்? ‘அட, இது எனக்கு முந்தாநாளே தெரியும்’ என்று யாராவது சொன்னால் சப்பென்று ஆகி நிறுத்திவிடுகிறார். 1960களில் டேலி, கெண்டல் இருவரும் இதைக் கணக்காக்கினார்கள். பரப்புபவர் இன்னொரு பரப்புபவரையோ ஏற்கெனவே தெரிந்தவரையோ சந்தித்தால் ஓய்கிறார் என்று வைத்தார்கள். பெரிய கூட்டத்தில் கடைசிவரை வதந்தியைக் கேள்விப்படாதவர் சுமார் 20.3 சதவீதம் என்று விடை வந்தது. வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவினாலும் அதே 20.3தான். சொல்லும் வேகம் கூடினால், தெரிந்தவர்களையே மறுபடி சந்திக்கும் வேகமும் கூடவே கூடுகிறது. நோய் மாடலில் இப்படி ஒரு மாறாத எண் வராது. ஓயும் விதத்தை மாற்றியதால் வந்தது.

புதுப் பொருள் விற்பனைக்கு வேறொரு மாற்றம். டிவி வாங்கியவர் ‘குணமாவது’ கிடையாது, ஆகவே மூன்றாவது பெட்டி தேவையில்லை. அதற்குப் பதில் பக்கத்து வீட்டைப் பார்க்காமல் விளம்பரத்தைப் பார்த்தே வாங்கும் சிலருக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும். 1969ல் ஃபிராங்க் பாஸ் செய்தது இதுதான். ஓர் ஆண்டில் புதிதாக வாங்குவோரின் விகிதம்:

(தாமாக வாங்கும் வீதம் + பார்த்து வாங்கும் வீதம் × ஏற்கெனவே வாங்கியோர் பங்கு) × இன்னும் வாங்காதோர் பங்கு

பல பொருள்களை அலசியதில் முதல் வீதம் சராசரியாக 0.03 அளவிலும் இரண்டாவது 0.38 அளவிலும் வந்தது. இந்த இரண்டையும் போட்டால் விற்பனை உச்சம் ஆறாவது ஆண்டுக்குச் சற்றுப் பிறகு விழும். முதல் வீதத்துக்குள் ஒளிந்திருப்பது படி 2ல் பார்த்த மழைதான். மாடலிலேயே மழைக்கு ஓர் இடம் விட்டு வைத்ததால்தான் பாஸின் கணக்கு சந்தை ஆய்வில் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்பது என் அபிப்பிராயம்.

விட்டவர் மறுபடி மாட்டலாம் என்றால், புகைப்பழக்கம் மாதிரி, ஓய்ந்தவர் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். செய்தி கேட்டு யோசிக்கச் சில நாள் எடுப்பார்கள் என்றால் நடுவே ஒரு பெட்டி. தரவில் எண்ண முடியாத பெட்டியைச் சேர்க்காதீர்கள்.

படி 4: இரண்டு வீதங்களுக்கு அலகு கொடுங்கள்

பீட்டா: ஒரு பரப்புபவர் ஒரு நாளில் எத்தனை பேரை மாற்றுவார், எதிரே இருப்பவர் எல்லாரும் இன்னும் மாட்டாதவராக இருந்தால். இதை இரண்டாக உடைத்து எழுதுங்கள். நாளொன்றுக்கு 10 பேரிடம் பேசுகிறார், 20 பேருக்கு ஒருவர் செயலில் இறங்குகிறார் என்றால் 10 × 0.05 = 0.5. இப்படி உடைத்தால்தான் பின்னால் எதைக் குறைக்க முடியும் என்று தெரியும்.

காமா: ஒரு நாளில் பரப்புபவரில் எத்தனை பங்கு ஓய்கிறார்கள். சராசரியாக 4 நாள் பேசுவார்கள் என்றால் 0.25.

பீட்டாவைக் காமாவால் வகுத்தால் கொரோனா காலத்தில் தினமும் கேட்ட ‘ஆர் நாட்’ கிடைக்கும்: தொடக்கத்தில் ஒருவர் ஓய்வதற்குள் சராசரியாக எத்தனை பேரை மாற்றுவார் என்பது. இங்கே 2. ஒன்றுக்கு மேல் இருந்தால் பரவும், கீழே இருந்தால் அணையும். நோயில் இந்த எண் கிருமியின் குணத்தையும் சார்ந்தது. சமூகத்தில் அப்படி நிலையான பகுதி கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் ஓர் ஊரில், ஓர் ஆண்டில் கிடைத்த பீட்டாவை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியிலிருந்து 2008 செப்டம்பர் 15 முதல் 25ஆம் தேதி மூடப்படும்வரை வெளியேறியது 1,670 கோடி டாலர். அதே நாட்டின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர். பயத்தின் தன்மை பெரிதாக மாறிவிடவில்லை. வாட்ஸ்அப்பும் கைபேசி வங்கிச் சேவையும் நடுவில் வந்துவிட்டன.

படி 5: தாளில் ஓட்டிப் பாருங்கள்

நான்கு நெடுவரிசைகள்: நாள், மாட்டாதவர், பரப்புபவர், ஓய்ந்தவர். 1,000 வாடிக்கையாளர் உள்ள ஒரு கற்பனைக் கிளை. முதல் வரிசையில் 990, 10, 0. மேலே இரண்டு கட்டங்களில் பீட்டா 0.5, காமா 0.25. அடுத்த ஒவ்வொரு வரிசைக்கும்:

புதிதாக மாட்டுவோர் = பீட்டா × மாட்டாதவர் × பரப்புபவர் ÷ 1,000
ஓய்வோர் = காமா × பரப்புபவர்

மாட்டாதவரிலிருந்து முதல் எண்ணைக் கழியுங்கள். பரப்புபவரில் முதல் எண்ணைக் கூட்டி இரண்டாவதைக் கழியுங்கள். ஓய்ந்தவரில் இரண்டாவதைக் கூட்டுங்கள். முதல் நாள் முடிவில் 985.05, 12.45, 2.5 என்று வர வேண்டும். வராவிட்டால் எழுதிய சூத்திரத்தைச் சரிபாருங்கள். அது சரியாக வந்து அடுத்த வரிசைகள் பிசகினால், பெருக்கலில் பீட்டா கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்டாமல் கீழே இழுத்திருப்பீர்கள், அநேகமாக. மூன்று பெட்டிகளின் கூட்டுத்தொகை எல்லா வரிசையிலும் 1,000 ஆக இருக்கிறதா என்று ஐந்தாவது நெடுவரிசையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

60 வரிசை கீழே இழுத்தால் கதை தெரியும். முதல் ஒரு வாரம் கிளை மேலாளருக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 10ஆம் நாள் பரப்புபவர் 75 பேர். 19ஆம் நாள் உச்சம், 168 பேர். ஆனால் கவுண்டரில் புதிதாக வருவோரின் உச்சம் அதற்கு முன்பே, 16, 17ஆம் நாள்களில், நாளுக்கு 47 பேர் வீதம் வந்து போய்விடுகிறது. கடைசியில் 185 பேர் அளவில் மாட்டாமலே மிஞ்சுகிறார்கள். அவர்கள் புத்திசாலிகள் என்பதால் தப்பவில்லை. அவர்களைத் தேடி வருவதற்குள் பரப்ப ஆள் தீர்ந்துபோனது, அவ்வளவுதான்.

நாள் கணக்கில் தாவாமல் தொடர் நேரத்தில் தீர்த்தால் எண்கள் சற்று மாறும், மிஞ்சுவோர் 200 அளவில் வருவார்கள். இந்த வித்தியாசம் உறுத்தினால் ஒரு நாளை நான்காக வெட்டி ஓட்டுங்கள்.

படி 6: ஒருவர் சொன்னால் போதுமா, பலர் செய்ய வேண்டுமா?

நோய்க் கணக்கில் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு சீட்டுக் குலுக்கல். ஒரே ஒருவரிடமிருந்தும் தொற்றலாம். செய்திக்கும் வதந்திக்கும் இது சரி. பல சமூகச் செயல்களுக்கு இது சரிப்படாது.

நமக்குப் பழக்கமான ஒன்று, 10 ரூபாய் நாணயம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தார்கள். நாணயம் போலி என்ற வதந்தியில் தொடங்கியது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. பிறகும் மறுப்பு தொடர்ந்தது. ஏன்? கடைக்காரரிடம் கேட்டால் ‘செல்லும்னு எனக்குத் தெரியும் சார், நான் திருப்பிக் கொடுத்தா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க’ என்பார். அவர் தலையில் தவறான தகவல் எதுவும் இல்லை. மற்றவர்கள் மறுக்கிறார்கள் என்பதால் மறுக்கிறார், அது அவருக்கு நியாயமான முடிவும்கூட. இதற்கு வதந்தி மாடலைப் போட்டு, ‘சரியான தகவலைக் கொடுத்தால் காமா ஏறும்’ என்று பரிந்துரைத்தால் அறிக்கை கோப்பில் தூங்கும்.

இதற்கு வேண்டியது வாசல் எண் மாடல். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978ல் எழுதியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் இருக்கிறது: இத்தனை பேர் செய்தால் நானும் செய்வேன். 100 பேர் கூடிய சதுக்கத்தில் ஒருவருடைய எண் 0, அடுத்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை என்று வையுங்கள். முதலாமவர் கல்லெறிகிறார், அதைப் பார்த்து இரண்டாமவர், இருவரைப் பார்த்து மூன்றாமவர், கடைசியில் 100 பேரும் கலவரத்தில். இப்போது எண் 1 உள்ளவரை மட்டும் எடுத்துவிட்டு 2 உள்ள இன்னொருவரை வையுங்கள். ஒருவர் கல்லெறிகிறார், கதை அதோடு முடிகிறது. சராசரி மனநிலை கிட்டத்தட்ட அதேதான். நாளிதழ் ஒன்றில் ‘வெறிபிடித்த கும்பல்’ என்றும் இன்னொன்றில் ‘மனநிலை சரியில்லாத ஒருவர்’ என்றும் செய்தி வரும்.

தாளில் ஓட்டுவது எளிது. ஒரு நெடுவரிசையில் எல்லாருடைய வாசல் எண்ணும். ஒவ்வொரு சுற்றிலும், இப்போது செய்துகொண்டிருப்போர் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ வாசல் எண் உள்ளவர்களை எண்ணுங்கள். அதுதான் அடுத்த சுற்றின் எண்ணிக்கை. எண் மாறாமல் நின்றதும் நிறுத்துங்கள்.

எந்த மாடல் என்று எப்படி முடிவுசெய்வது? ‘ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நஷ்டமா?’ என்று கேட்டுப் பாருங்கள். நஷ்டம் என்றால் வாசல் எண். வேலைநிறுத்தம், புதுச் செயலிக்கு மாறுவது, கல்யாணத்தில் வரதட்சணையை விடுவது எல்லாம் இந்தப் பக்கம் வரும். வங்கிப் பீதி இரண்டும் கலந்தது. செய்தி தொற்றாகப் பரவுகிறது, வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் வாசல் எண் வேலைசெய்கிறது.

யாருக்கு யார் பழக்கம் என்ற வலையில் எந்த அமைப்பு பரவலுக்கு உதவும் என்பதும் இதைப் பொறுத்துத் தலைகீழாகும். நோய்க்கு, தூரத்தில் இருக்கும் ஒரே ஒரு தெரிந்தவர் போதும், புது ஊருக்குத் தாவிவிடும். டேமன் சென்டோலா 2010ல் வெளியிட்ட இணையப் பரிசோதனையில், நண்பரின் நண்பரும் நமக்கு நண்பராக இருக்கும் நெருக்கமான குழுக்களில் ஒரு சுகாதாரப் பழக்கத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 54 சதவீதம். தாறுமாறாக இணைத்த குழுக்களில் 38 சதவீதம். பழக்கம் மாற, ஒரே பக்கமிருந்து இரண்டு மூன்று பேர் தட்ட வேண்டியிருக்கிறது.

படி 7: தரவோடு பொருத்துங்கள், ஆனால் வளைவின் தொடக்கத்தை நம்பாதீர்கள்

ஷீட்டின் எண்களுக்கும் உண்மையான எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தைக் கூட்டி, சால்வர் வசதியை வைத்து அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறையும் பீட்டாவையும் காமாவையும் தேடலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பத்து வரி வேலை. இயந்திரம் எப்போதும் ஏதோ ஒரு விடை கொடுக்கும் என்பதுதான் பிரச்சினை.

தொடக்க நாள்களில் வளைவின் வேகம் பீட்டாவிலிருந்து காமாவைக் கழித்தால் வருவது மட்டுமே. 0.5, 0.25 என்றாலும், 0.75, 0.5 என்றாலும், 0.3, 0.05 என்றாலும் வித்தியாசம் 0.25தான். மூன்றும் மூன்று நாளுக்குள் இரட்டிக்கும், முதல் வாரத் தரவோடு மூன்றுமே அழகாகப் பொருந்தும். ஆனால் கடைசியில் மாட்டுவோர் முதலாவதில் 80 சதவீதம், இரண்டாவதில் 58, மூன்றாவதில் கிட்டத்தட்ட எல்லாரும். மொத்த ஆள்தொகை எவ்வளவு என்பதும் தெரியாவிட்டால் (யார் யார் அந்த வதந்தியைக் கேட்கக்கூடியவர்?) நிலைமை இன்னும் மோசம்.

அதனால் காமாவை வளைவிலிருந்து பிடுங்காமல் வெளியிலிருந்து கொண்டுவாருங்கள். கிருமியிடம் கேட்க முடியாது, மனிதரிடம் கேட்கலாம்: ‘இதைப் பற்றி எத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தீர்கள்?’ ஐம்பது பேரிடம் கேட்டால்கூடத் தேவலை.

பொருந்தும் வளைவை நம்பிக் கெட்டதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 2014 ஜனவரியில் வந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், நண்பர்கள் விலகுவதைப் பார்த்து மற்றவர்களும் விலகுவார்கள் என்று ஓயும் பெட்டியையும் தொற்றாக மாற்றினார்கள். நல்ல யோசனைதான். ஃபேஸ்புக்குக்கு முன் பிரபலமாக இருந்த மைஸ்பேஸ் சமூக வலைத்தளத்தின் ஏற்ற இறக்கத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. அதை வைத்து, 2015க்கும் 2017க்கும் இடையில் ஃபேஸ்புக் தன் உச்சப் பயனர்களில் 80 சதவீதத்தை இழக்கும் என்றார்கள். அவர்கள் எடுத்த தரவு, அந்தப் பெயரை கூகுளில் எத்தனை பேர் தேடினார்கள் என்பது. கைபேசியில் செயலியைத் தட்டித் திறப்பவர் எதற்குத் தேட வேண்டும்? ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் அதே பாணியில் கணக்குப் போட்டு, 2021ல் பிரின்ஸ்டனில் மாணவர் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று பதில் எழுதினார்கள். 2017 ஜூனில் ஃபேஸ்புக்கின் மாதப் பயனர்கள் 200 கோடியைத் தாண்டினார்கள்.

இதில் மாட்டாமலிருக்க, தரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கை மறைத்து வைத்துவிட்டு மீதியில் பொருத்துங்கள். மறைத்ததை மாடல் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று பாருங்கள். அதோடு ‘அடுத்த வாரமும் இந்த வாரம் மாதிரியே இருக்கும்’ என்ற மொட்டைக் கணிப்பையும் பக்கத்தில் போடுங்கள். உங்கள் மாடல் அதைக்கூட ஜெயிக்கவில்லை என்றால் கணிப்புக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

படி 8: எல்லாரும் எல்லாரையும் சந்திப்பதில்லை

மேலே போட்ட பெருக்கல், 1,000 பேரும் சீராகக் கலந்து பழகுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. பெரிய ஊரின் செய்திப் பரவலுக்கு இது ஓரளவு ஓடும். வங்கிக்கும் வங்கிக்கும் இடையே நட்டம் தாவுவதற்கு ஓடாது. அங்கே யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியல்தான் வலை, சில பெரிய வங்கிகள்தான் அதன் முடிச்சுகள். 2009ல் இங்கிலாந்து மத்திய வங்கியின் ஆண்ட்ரூ ஹால்டேன் ஓர் உரையில் 2002ன் சார்ஸ் பரவலையும் 2008ன் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸின் வீழ்ச்சியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பேசினார். பிறகு ராபர்ட் மே என்ற சூழலியல் கணித அறிஞரோடு சேர்ந்து 2011ல் எழுதிய கட்டுரையில், அதிகம் பரப்பக்கூடிய பெரிய முடிச்சுகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு மூலதனம் வேண்டும் என்ற பக்கம் வாதிட்டார்.

வலைத் தரவு இல்லாதபோது ஒரு சமாளிப்பு: ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து (ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) நான்கு பீட்டா போடுங்கள்: ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒன்று, ஒரு குழுவிலிருந்து மற்றதற்கு ஒவ்வொன்று. அதற்கு மேல் போகவேண்டுமானால் நெட்லோகோ போன்ற மென்பொருளில் ஆள் ஆளாக ஓட்டுவதே மேல்.

படி 9: தலையீட்டைச் சோதியுங்கள்

கணிப்பைவிட இதற்குத்தான் இந்த மாடல்கள் நன்றாக உதவுகின்றன. படி 5ன் தாளுக்குத் திரும்புங்கள். 10ஆம் நாள், ரிசர்வ் வங்கி நம்பும்படியான ஓர் அறிவிப்பு செய்து, மக்கள் பேசிக்கொண்டிருக்கும் காலம் 4 நாளிலிருந்து 2 நாளாகக் குறைகிறது என்று வையுங்கள். அதாவது 11ஆம் நாளின் வரிசையிலிருந்து காமா 0.5. மொத்தத்தில் மாட்டுவோர் 815லிருந்து 370 அளவுக்கு இறங்கும். அதே அறிவிப்பு 16ஆம் நாள் வந்தால் 560க்கு மேல். அறிவிப்பின் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்த ஆறு நாளின் விலை 200 வாடிக்கையாளர்.

டெபாசிட் காப்பீடு (வங்கி மூழ்கினாலும் ஒரு வரம்புவரை பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு) தடுப்பூசி மாதிரி என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆர் நாட் 2 என்றால் பாதிப் பேரை முன்கூட்டியே மாட்டாதவர் பெட்டியிலிருந்து நீக்கினால் பரவாது. குஜராத் பீதியின்போது காப்பீட்டு வரம்பு 1 லட்சம் ரூபாய். வரம்புக்குள் இருந்தவர்கள் குறைவாக ஓடினார்கள், ஆனால் ஓடாமல் இல்லை என்று ஐயரும் பூரியும் கண்டார்கள். காப்பீடு இருப்பது தெரியாதிருக்கலாம், பணம் எப்போது கைக்கு வரும் என்ற கவலை இருக்கலாம். ஆகவே உங்கள் தாளில் காப்பீடு உள்ளவரை முழுதாக நீக்காதீர்கள். அவர்களுக்குத் தனிப் பெட்டி போட்டு, பீட்டாவை மட்டும் குறையுங்கள். 2020 பிப்ரவரியில் வரம்பு 5 லட்சமானது. அந்தப் பெட்டியின் அளவு எவ்வளவு பெருத்திருக்கும் என்பதை, டெபாசிட் தொகை வாரியான கணக்கு எண்ணிக்கையை வைத்து மதிப்பிடலாம்.

கடைசியாக, பீட்டாவையும் காமாவையும் 20 சதவீதம் மேலும் கீழும் மாற்றி எல்லாத் தலையீடுகளையும் மறுபடி ஓட்டுங்கள். எண்கள் ஆடத்தான் செய்யும். எந்தத் தலையீடு முதலிடம், எது இரண்டாமிடம் என்ற வரிசை மாறாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் அறிக்கையில் அந்த வரிசையை எழுதுங்கள், தலைகளின் எண்ணிக்கையை எழுதாதீர்கள்.